பத்தில் தொடங்கிய டேப்

கார்த்திகை மாதத்தில் தபாலில் எனக்கு ஒரு படிவம் வந்தது. எங்கள் பகுதியில் மூத்தோருக்கான தடகளப் போட்டி நடத்துகிறவர்கள் அனுப்பியிருந்தார்கள். மாசியில் நடக்கும் போட்டியில் பழைய வீரர்கள் சிலருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்களாம். விழா மலரில் ஆளுக்கு அரைப் பக்கம். நீளம் தாண்டுதலில் என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் செயலாளர் எழுதியிருந்தார். பெயர், வயது, வேலை பார்த்த துறை, ஓய்வு பெற்ற பதவி எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். ‘முதல் சாதனை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 7.12 மீட்டர் என்று எழுதப் பேனாவை வைத்தேன். கை ஓடவில்லை.

அந்த 7.12 நான் தாண்டியது அல்ல. இது நாற்பத்தாறு ஆண்டுகளாக எனக்கு மட்டும் தெரியும்.

அந்தக் காலத்தில் மதுரையில் நாங்கள் பயிற்சி செய்த மைதானத்தில் ஒரு டேப் இருந்தது. இரும்பு டேப் அல்ல, மஞ்சள் நிற நார் டேப். அதன் முனையில் இருந்த பித்தளை வளையமும் முதல் பத்து சென்டிமீட்டரும் என்றோ அறுந்து போயிருந்தன. டேப் பூஜ்யத்தில் தொடங்காமல் பத்தில் தொடங்கும். புதியது கேட்டு எழுதினார்கள், வரவில்லை. நல்ல இரும்பு டேப் அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடந்தது. பெரிய போட்டிகளுக்கு மட்டும்தான் அதை எடுப்பார்கள். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டது. மணல் குழியில் டேப்பின் முனையைப் பிடிக்கிறவன் சத்தமாக “பத்து!” என்பான். தாண்டும் பலகையின் ஓரத்தில் அளவைப் படிக்கிற ஆசிரியர் பத்தைக் கழித்துவிட்டு எண்ணைச் சொல்வார். கடைசியாகத் தாண்டியவன் அடுத்தவனுக்கு முனையைப் பிடிக்க வேண்டும். அலுவலர்கள் போதாத இடத்தில் வீரர்களே ஒருவருக்கொருவர் அளந்துகொண்டோம். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் எல்லோரும் கத்தினார்கள்.

அந்த மைதானத்துக்கு நான் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் குடும்பத்துக்கு நகரத்துக்கு மேற்கே நாலு ஏக்கர் நஞ்சையும் ஒரு தென்னந்தோப்பும் இருந்தன. நான் தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் வீட்டில் சோறு இருந்தது. அப்பாவுக்கு இந்தக் குதிப்பில் நம்பிக்கை இல்லை. “மண்ணுல விழுறதுக்கு எதுக்குடா மதுரைக்குப் போகணும்? இங்க இல்லாத மண்ணா?” என்பார். ஆனாலும் பஸ்ஸுக்குக் காசு கொடுப்பார்.

அங்கேதான் அவனைப் பார்த்தேன். திருவாதவூர்க்காரன். அவனுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். விடிந்ததும் முதல் பஸ்ஸில் வருவான். பயிற்சி முடிந்ததும் நான் கடையில் இட்லி தின்னும்போது அவன் தூக்குச்சட்டியில் கொண்டுவந்த பழைய சோற்றைத் தின்பான். இரண்டாவது வாரமே இருவரும் பாதிப் பாதி மாற்றிக்கொண்டோம். அவனுக்கு ஓட்டம் என்னைவிட வேகம். எனக்கு உயரம் அதிகம். பலகையில் கால் வைக்கும் நேரத்தில் அவன் கொஞ்சம் தலையைத் தூக்கிவிடுவான், நான் குனிந்து பலகையைப் பார்த்துவிடுவேன். இருவரும் ஒருவர் தப்பை ஒருவர் திட்டித் திட்டியே முன்னேறினோம்.

அவனிடம் அடியில் ஆணி வைத்த நல்ல ஸ்பைக்ஸ் காலணி ஒரு ஜோடி இருந்தது. ஓய்வு பெற்ற ஒரு வீரர் கொடுத்தது. என்னுடையது உள்ளூரில் தைத்தது, ஆணிகள் மழுங்கிப்போனது. இருவருக்கும் ஒரே அளவு பாதம்.

மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் நாள் வந்தது. ஒரு போட்டிக்கு ஒருவர்தான். மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது பெருமை. அவனுக்கு அதுதான் எல்லாம்.

கடைசிச் சுற்றில் அவன் எனக்கு முன்னால் தாண்டினான். 7.08. அதுவரை அந்த மைதானத்தில் எங்களில் யாரும் தொடாத தூரம். விழுந்து எழுந்தவனுக்கு ஆடுதசை பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் உட்கார்ந்தான். வழக்கப்படி எனக்கு முனை பிடிக்க வேண்டியவன் அவன்தான். அவனால் முடியாததால், உயரம் தாண்டுதல் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியர் உதவிக்கு வந்து குழிக்கருகில் நின்றார். வேறு ஊர்க்காரர். எங்கள் டேப்பின் கதை அவருக்குத் தெரியாது.

நான் ஓடினேன். கால் சரியாகப் பலகையில் விழுந்தது. நல்ல தாண்டல்தான், ஆனால் 7.08 இல்லை என்பதை மணலில் விழும்போதே என் உடம்பு சொன்னது. அந்த ஆசிரியர் குதிகால் பதிந்த இடத்தில் முனையை வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. பலகைப் பக்கம் இருந்தவர் மூன்று மணி நேரமாக அந்தச் சத்தத்துக்குப் பழகியவர். சத்தம் வராததால் கழிக்கவும் இல்லை. படித்தார். “ஏழு பன்னெண்டு!”

உண்மையில் அது 7.02.

எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ என்னைத் தூக்கினார்கள். இது வரைக்கும் நான் வாயே திறக்காதவன் என்று சொல்லிக்கொள்ளலாம். பல காலம் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அடுத்து என்ன நடந்தது என்பதைச் சொன்னால்தான் இது ஒப்புதல் ஆகும். எனக்குப் பின்னால் ஒருவன் தாண்ட வேண்டியிருந்தது. அவனுக்கு முனை பிடிக்க வேண்டியவன் நான். போய்க் குனிந்தேன், முனையை வைத்தேன், மைதானம் முழுக்கக் கேட்கும்படி “பத்து!” என்று கத்தினேன். ஆசிரியர் கழித்துச் சொன்னார். என் குரல் நடுங்கக்கூட இல்லை.

அன்று மாலை அவன் நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தான்.

“மாப்ள, உன் செருப்ப வச்சுக்கிட்டு மாநிலத்துல தாண்டுனா ஆணி முறிஞ்சு மானம் போயிரும். இந்தா, இதப் போட்டுக்க.”

ஸ்பைக்ஸை நீட்டினான்.

“உனக்கு?”

“எனக்கு எதுக்கு இனி? ஏழு எட்டு தாண்டியும் பத்தலைன்னா, காலு அம்புட்டுதான்னு அர்த்தம். ஊர்ல நாத்து நடவு ஆரம்பிச்சாச்சு. போறேன்.”

நான் வாங்கிக்கொண்டேன்.

அந்த ஸ்பைக்ஸைப் போட்டுக்கொண்டு மாநிலப் போட்டியில் இரண்டாவதாக வந்தேன். அடுத்த ஆண்டு வேலை கிடைத்தது. துறை அணிக்காகப் பதினொரு ஆண்டுகள் தாண்டினேன். பிற்பாடு இரும்பு டேப்பில், காற்றளவு பார்க்கும் கருவி வைத்து, 7.31 தாண்டியிருக்கிறேன். தேசிய அளவில் ஒரு முறை மூன்றாவது இடம். பயிற்சி முகாமுக்கு ஒரு முறை அழைத்தார்கள்; போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம் முழங்கால் போயிற்று. வெளிநாடு போகவில்லை. என்னைப் போன்ற தாண்டுகிறவர்கள் நாட்டில் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். முன்பதிவில்லாத பெட்டியில் கழிவறை அருகே உட்கார்ந்து வட இந்தியாவுக்குப் போய், ஆறு முறை ஓடி, ஆறு முறை மணலை உதறிவிட்டு, அதே பெட்டியில் திரும்பினோம். எனக்கு அந்த வாழ்க்கை பிடித்திருந்தது. பலகையை விட்டுக் கால் எழும்பிய பின் மணலைத் தொடும்வரை இருக்கிற அந்த நேரத்தில் எனக்கு எந்தக் கவலையும் இருந்ததில்லை, அந்தப் பத்து சென்டிமீட்டர்கூட.

முழங்கால் போன பின் மேசை வேலை. விளாங்குடியில் வீடு கட்டினேன். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். தலைவலி என்று படுத்தால் பார்க்க மனைவி இருக்கிறாள். எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லத் தோன்றும்போதெல்லாம், யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் கூடவே நினைவுக்கு வந்துவிடும்.

அவன் நட்பை விடவில்லை. அதுதான் எனக்குத் தண்டனையாகவும் இருந்தது, கொடுப்பினையாகவும் இருந்தது. நெல் மண்டியில் மூட்டை தூக்கினான். பிறகு குத்தகைக்கு நிலம் எடுத்தான். பிறகு, அவனுடைய அப்பா கூலிக்கு நின்ற அதே வயலில் ஒன்றரை ஏக்கர் விலைக்கு வாங்கினான். மகளைச் செவிலியர் படிப்புப் படிக்க வைத்தான். அவள் தேனியில் வேலை பார்க்கிறாள். மாதம் ஒரு முறை மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஆரப்பாளையத்தில் இறங்குவான். நான் விளாங்குடியிலிருந்து போவேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் ஒரு மணி நேரம் பேசுவோம். ஒவ்வொரு தையிலும் அறுப்பு முடிந்ததும் புது அரிசி ஒரு சிப்பம் வீட்டுக்கு வந்துவிடும். என் மனைவி அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். “அண்ணே அரிசியில சோறு குழையாது” என்று ஊரெல்லாம் சொல்வாள். நான் தலையைக் குனிந்துகொண்டு தின்பேன்.

மார்கழியில் அவன் வந்த அன்று படிவத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். முற்பகல் பதினோரு மணி இருக்கும். மலரில் போடப்போகிறார்கள் என்றதும் அவனுக்கு ஒரே சந்தோஷம்.

“போட்டோ எதக் கொடுக்கப் போற? இப்ப உள்ளதக் கொடுத்துராத. தாண்டுனவனா, தாண்டவிட்டுப் பாத்தவனான்னு கேப்பாங்கெ.”

“மாப்ள, ஒண்ணு சொல்லணும்.”

சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். டேப், வெளியூர் ஆசிரியர், சத்தம் வராதது, நான் அடுத்தவனுக்குக் கத்தியது. அவன் டீயை வைத்துவிட்டான்.

“அப்ப உன்னுது ஏழு ரெண்டு.”

“ஆமா.”

“என்னுது ஏழு எட்டு.”

“ஆமா.”

“எனக்குக் கழிச்சுத்தான சொன்னாக?”

“கழிச்சுத்தான்.”

எதிரே நின்ற பஸ் பக்கம் திரும்பிக்கொண்டான். ஏதாவது பேச வேண்டுமே என்று, இத்தனை ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானத்தை அவனிடம் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

“பின்னாடி நான் நெசமாவே ஏழு முப்பத்தொண்ணு தாண்டிட்டேன்ல மாப்ள.”

திரும்பினான். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“நான் எம்புட்டு தாண்டியிருப்பேன்? சொல்லு. உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? வேலை போனது போகட்டும்டா. மூட்டை தூக்கினேன், நல்லாத்தான் இருக்கேன். எங்காலு பத்தலைன்னு நெனச்சேன். எம்மக ஓடுறப்பகூட, ‘நம்ம வம்சத்துக்கு அம்புட்டுதாம்மா, படிக்கிறதப் பாரு’ன்னு சொன்னேன். கழட்டி உங்கிட்டதானடா கொடுத்தேன்? வாங்கும்போது உனக்கு வாயில்லையா?”

டீக்கடைக்காரர் எங்களையே பார்த்தார். அவன் இரண்டு டீக்கும் காசை வைத்துவிட்டு எழுந்தான். எப்போதும் “வாரேன் மாப்ள” என்பவன், அன்று ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.

தை பிறந்தது. அரிசி வரவில்லை. இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை.

“அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று மனைவி கேட்டாள். அவளிடமும் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“இம்புட்டு வருசமா அந்த மனுசன் கையால சோறு தின்னுருக்கோம்” என்றாள். அவ்வளவுதான். பிறகு, “படிவத்துல என்ன எழுதுனீங்க?” என்று கேட்டாள்.

அன்றைக்கே எழுதினேன். முதல் சாதனை என்ற கட்டத்தில், அந்தத் தேர்வில் நான் தாண்டியது 7.02, இரண்டாம் இடம். முதலிடம் திருவாதவூர் நண்பருக்கு, 7.08 என்று எழுதி, காரணத்தைப் பின்பக்கம் விளக்கி அனுப்பினேன். நாலு நாள் கழித்துச் செயலாளர் கூப்பிட்டார். நாற்பது வயதுக்காரர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர்.

“சார், இதெல்லாம் இப்ப எதுக்கு சார்? அந்தக் காலத்துப் பேப்பரே யார்ட்டயும் இல்ல. எத வச்சு மாத்துறது?”

“தாண்டுனவன் நான்தானப்பா. நான்தான் சொல்றேன்.”

“பாராட்டு மலர் சார் இது. படிக்கிறவங்க என்ன நெனப்பாங்க?”

“அப்ப அந்த அரைப் பக்கம் வேண்டாம். எடுத்துருங்க.”

“அய்யோ, அட்டையே அடிச்சாச்சு சார். ஒண்ணு பண்ணுவோம், முதல் சாதனைங்கிற வரியே இல்லாமப் போட்டுர்றேன். நீங்க மேடையில பேசும்போது சொல்லிக்கங்க.”

மாசியில் போட்டி. காலை எட்டு மணிக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். எழுதிக்கொண்டு போனதைப் படித்தேன். என்னை மாநிலத்துக்கு அனுப்பிய தாண்டலில் பத்து சென்டிமீட்டர் என்னுடையது அல்ல, அன்று வென்றவர் வேறொருவர், தெரிந்தே மறைத்தேன் என்று சொன்னேன். முன்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள் போலிருந்தது. “பெரிய மனசு சார்” என்று இறங்கும்போது ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெட்கமாக இருந்தது. எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும் சில விஷயங்கள் மேடையில் வேறாகத்தான் கேட்கும்.

வீட்டுக்குக் கிளம்பலாம் என்று பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். செயலாளர் ஓடி வந்தார்.

“சார், லாங் ஜம்ப்ல ஆள் பத்தல. டேப் முனைய மட்டும் கொஞ்சம் பிடிங்க சார்.”

மறுக்க முடியவில்லை. அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்களுக்கான போட்டி. ஐந்து பேர். மணல் குழி ஓரத்தில் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல இரும்பு டேப், பூஜ்யத்தில் தொடங்குவது. மூன்று பேருக்கு அளந்தாயிற்று. நாலாவது ஆள் ஓட்டப் பாதையின் அந்தக் கோடியில் நின்றார். வெள்ளைக் கால்சட்டை, பனியனில் குத்திய எண், வெறுங்கால். தலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்ற அந்த நிலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஓடி வந்தான். பழைய ஓட்டம் இல்லை, ஆனாலும் முன்னால் ஓடிய மூவரைவிட வேகம். பலகையில் கால் சரியாக விழுந்தது. மேலே எழும்பினான். விழும்போது பின்பக்கமாகச் சரிந்து இடது கையை ஊன்றிவிட்டான்.

குழியில் குனிந்தேன். குதிகால் பதிந்த இடம் முன்னால் தெளிவாக இருந்தது. அதற்கு முக்கால் அடி பின்னால் ஐந்து விரலும் உள்ளங்கையும் பதிந்திருந்தன. உடம்பில் எது பலகைக்கு அருகே மணலைத் தொட்டதோ அங்கிருந்துதான் அளக்க வேண்டும். பலகைப் பக்கம் இருந்த நடுவருக்குக் கைத்தடம் தெரிந்திருக்காது. முனையைக் குதிகாலில் வைத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. என் கை அந்தப் பக்கம்தான் போயிற்று. நான் எடுத்துக்கொண்டதில் கொஞ்சத்தையாவது திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

மணலை உதறிக்கொண்டு அவன் குழிக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எங்க வைக்கணுமோ அங்க வைடா” என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

கைத்தடத்தில் வைத்தேன்.

“என்ன சத்தத்தையே காணோம்?” என்றான்.

கத்தினேன். “சைபர்!”

பலகைப் பக்கம் உட்கார்ந்திருந்த இளைஞர் தலையைத் தூக்கி, “என்ன சார்?” என்றார். “ஒண்ணுமில்ல தம்பி, நீங்க படிங்க” என்றான் அவன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “அவருக்கு ஒரு பழைய பழக்கம்.”

“மூணு பதினாறு.”

“கையை ஊனாம இருந்தா?” என்று என்னிடம் கேட்டான்.

“மூணு முப்பத்தெட்டு, நாப்பது வரும்.”

“அப்ப இன்னும் ரெண்டு தாண்டல் இருக்குல்ல.” திரும்பி நடந்தவன் நின்றான். “எங்க களத்துமேட்டுல ரெண்டு வண்டி மணல் அடிச்சு ஒரு மாசமாத் தாண்டுறேன். எம்பொண்டாட்டி எனக்குக் கிறுக்குப் புடிச்சுருச்சுன்னு மக கிட்ட போன்ல அழுகுறா. அரிசியக் கேட்டு உன் வீட்ல ஏசுறாங்களா?”

“ஏசல. கேட்டா.”

“எனக்குக் கோவம் இன்னும் போகல, பாத்துக்க. அதுக்கும் அரிசிக்கும் சம்பந்தமில்ல. பஸ்ல ஏத்தி விடுறேன், ஆரப்பாளையத்துல வந்து எறக்கிக்க.”

அவன் ஓட்டப் பாதையின் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தான். நான் மண்வாரியை எடுத்துக் குழியைச் சமப்படுத்தினேன். கைத்தடம் இருந்த இடத்தில் மட்டும் இரண்டு முறை இழுத்தேன்.

கடைசித் தாண்டலில் அவன் கையை ஊன்றவில்லை. 3.41. ஐந்து பேரில் முதலாவது. ஒவ்வொன்றுக்கும் நான் கத்தினேன். இந்த வயதில் எனக்குக் கிடைத்தவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கிறேன். அன்று அந்தக் குழியில் குனிந்து அவனுக்குச் சரியாக அளந்ததைவிடப் பெரிதாக ஒன்றும் கிடைத்ததாகத் தோன்றவில்லை. அவனுக்குக் கொடுத்த சான்றிதழில் தூரத்தை எழுத இடம் விட்டிருந்தார்கள். செயலாளர் எழுதப்போனபோது அவன் தடுத்தான்.

“அளந்தவர எழுதச் சொல்லுங்க” என்றான்.

நான் எழுதினேன்.